பதினேழாம் பக்கத்துக் கூட்டல் குறி

புத்தக வண்டியைத் தள்ளினால் அதன் முன்சக்கரம் கிறீச்சிடும். நூலகருக்குக் கொஞ்ச நாளாக முட்டியும் அப்படித்தான் சத்தம் போடுகிறது. அன்று காலை திரும்பி வந்த புத்தகங்களை அலமாரிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனபோது எது சக்கரம், எது முட்டி என்று அவளுக்கே பிடிபடவில்லை. "உனக்கென்ன, உக்காந்த எடத்துல வேலை" என்பார் வீட்டுக்காரர். ஒருநாள் வந்து கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் குனிந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் என்று வாய் வரைக்கும் வரும். பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே. அதைச் சோறு வடிக்க மிச்சம் பிடித்துக்கொள்வாள்.

வேலையில் சுகமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மத்தியானம் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணியின் கீழ்ப்படியில் காலைத் தூக்கி வைத்து பிளாஸ்க் டீயைக் குடிக்கிற கொஞ்ச நேரம் அவளுக்கே அவளுக்கு. புதுப் புத்தகக் கட்டின் கயிற்றை அறுத்தவுடன் எழும் வாசம் இன்னொன்று. தேதி முத்திரை குத்துவதும் பிடிக்கும். யார் மேலாவது கோபம் இருக்கும் நாளில் முத்திரை நன்றாகப் பதியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சுகம் நர்ஸம்மா வருவதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. கொலைக்கதை தவிர வேறெதையும் தொடமாட்டார். புத்தகம் எடுக்க வந்தாலும் முந்தின நாள் டிவியில் போட்ட படத்தைக் கிழித்துப் போடாமல் போகமாட்டார்.

"சினிமா டாக்டர் கண்ணாடியக் கழட்டிட்டு 'சாரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறான். அதுக்கப்புறம் அந்த ஆளக் குளிப்பாட்டித் தொடச்சு அனுப்பறது யாரு? அத எவனாவது எடுக்கறானா?"

"எங்க பொழப்பு மட்டும் என்ன நர்ஸம்மா? சினிமால லைப்ரரின்னாலே ரெண்டு பேர் இடிச்சுக்கிட்டு நிக்குறாங்க, புத்தகம் கீழ விழுது, ரெண்டு பேரும் குனியறாங்க, காதல் வந்துடுது. நானும் இத்தன வருஷமா குனிஞ்சு பொறுக்கறேன். முதுகுவலிதான் வந்துச்சு."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். 'அமைதி காக்கவும்' என்று எழுதின பலகைக்குக் கீழேதான் இதெல்லாம் நடக்கும்.

அன்று நர்ஸம்மா படம் எதையும் பேசவில்லை. எடுத்துப்போன புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இதப் பாதி படிக்கறப்பவே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுபோச்சும்மா. முன்னாடியே படிச்சது."

"அதனால என்ன, வேற தரேன்."

"விஷயம் அது இல்ல. படிச்சு முடிச்சா பதினேழாம் பக்கத்துல, நம்பர் பக்கத்துலயே, சின்னதா ஒரு கூட்டல் குறி போட்டுடுவேன். வார்டுல வந்த பழக்கம். மருந்து குடுத்த கையோட குறிக்கணும், இல்லேன்னா அடுத்து வர்றவ மறுபடி குடுத்துடுவா. இதுல குறியக் காணோம். அப்பவே எந்திரிச்சு வந்து அந்த அலமாரி முழுக்கப் பாத்தேன். நீ எங்கயோ வெளிய போயிருந்த. ஒண்ணுல கூட இல்லம்மா. வருஷக்கணக்கா போட்டேன் போட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். போடவே இல்ல."

நூலகர் மேசைமேல் கிடந்த ரப்பரைப் பார்த்தாள்.

மேலதிகாரி சோதனைக்கு வருகிறார், புத்தகத்தில் கிறுக்கல் இருக்கக்கூடாது என்று போன வாரம்தான் உத்தரவு வந்தது. ரப்பரும் கையுமாக உட்கார்ந்தவள், கொலைக்கதை அலமாரியில் எதை எடுத்தாலும் பதினேழாம் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருப்பதைப் பார்த்தாள். எவளோ வேலையத்தவள் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் அழித்தாள். அசதியிலும் கை ஓடியது. வெள்ளை வெளேரென்று ஆன பக்கங்களைப் பார்த்து ஒரு திருப்திகூட வந்தது. வந்த அதிகாரி அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம பொண்ணு வரா" என்றார் நர்ஸம்மா. "ஒரு நாள் பால அடுப்புல வெச்சு மறந்துட்டேன். அதுலேருந்து வீட்டக் காலி பண்ணிட்டு என்னோட வந்துடுன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. மூள நல்லாத்தான் இருக்குடின்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். இனிமே என்னத்தச் சொல்லிச் சண்டை போடறது? வந்துடறேன்னு சொல்லிடப் போறேன்."

"நர்ஸம்மா, அத அழிச்சது நான்தான். சோதனை வருதுன்னு ரப்பர் போட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். உங்க குறின்னு எனக்குத் தெரியாது."

நர்ஸம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்தாத, சத்தமில்லாத சிரிப்பு. மேசைமேல் இருந்த அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்ல மனசும்மா உனக்கு. நானும் இப்படித்தான் சொல்லுவேன். பெட்ல கெடக்கறவங்க, நேத்து நடந்தது ஞாபகமே இல்லையே சிஸ்டர்னு அழுவாங்க. அது உங்க தப்பு இல்ல, நாங்க குடுத்த மாத்திரை பண்ற வேலைன்னு சொல்லித் தூங்க வெப்பேன்."

"சத்தியமா நான்தான்."

"சத்தியம் வேற பண்றியா? அப்பப் பொய்யேதான்."

சொல்லச் சொல்ல உண்மை இளைத்துக்கொண்டே போனது. ரப்பர் தூளை அன்றே கூட்டி அள்ளிக் கொட்டியாகிவிட்டது. அழித்தவள் அழித்ததற்கு எதைச் சாட்சி காட்டுவாள்? நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நூலகர் மேசைமேல் கிடந்த புத்தகத்தை ஒரு கையிலும் அவர் முழங்கையை இன்னொரு கையிலும் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போனாள். பதினேழாம் பக்கத்தைப் பிரித்து வெயிலுக்குச் சாய்த்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ஒரு கோணத்தில் பக்க எண்ணுக்குப் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பள்ளக் கோடுகள் மினுங்கின. பென்சில் கறுப்புதான் போயிருந்தது. அழுத்தின தடம் போகவில்லை.

"இங்க பாருங்க. தெரியுதா?"

நர்ஸம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "எனக்கு வெறும் காகிதந்தான் தெரியுது. இல்லாதத இருக்குன்னு சொல்லாதம்மா."

"அப்பக் கைய வெச்சுப் பாருங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் முத்திரைக்காகக் காத்திருந்த யாரோ தொண்டையைச் செருமினார்கள். நூலகர் திரும்பவில்லை. புத்தகம் ஆடாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் மூலையில் வைத்தார். ஊசி போடுமுன் நரம்பைத் தேடுகிற விரல் அது. மெல்ல அழுத்தியது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி அழுத்தியது, ஓரிடத்தில் நின்றது.