கை தூக்காதவள்

"தம்பியின்ரை மகள் துவாரகா பெட்டைப் பிள்ளை, கொள்ளி வைக்கக் கூடாது. தகன மெசின் பட்டனை நான் அமத்திறன். ஓம் எண்டுற ஆக்கள் கையைத் தூக்குங்கோ பாப்பம்."

சொன்னவர் நவரட்ணம், செத்துப்போன வாகீசனின் தமையன். தம்பி பெட்டிக்குள் கிடக்க, இந்த மனுசன் பியூனரல் ஹோமில் எலெக்சன் வைத்துக்கொண்டிருந்தார். கைகள் மளமளவென்று எழும்பின.

வாகீசனின் மனைவி துர்க்கா அங்கே பார்க்கவில்லை. அவள் கண் முழுக்க யன்னல் கண்ணாடிக்கு வெளியே, கார் பார்க்கில் நின்ற லொறீனாவில் இருந்தது. அரிசோனாவிலிருந்து பிளேனேறி வந்த நவஹோ பழங்குடிப் பொம்பிளை. வாகீசன் ட்ரக் ஓடிய காலத்தில் அவளுடைய ஊரில்தான் தங்குவார். இவ்வளவு தூரம் வந்தவள் உள்ளே வந்து முகம் பார்க்கவில்லை, அவருடைய பெயரைக்கூட வாயால் சொல்லவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லையென்றால் ஏன் இந்த நடிப்பு?

துர்க்கா விறுவிறென்று வெளியே போனாள். மகள் துவாரகா பின்னால் ஓடினாள்.

"உள்ளுக்கு ஏன் வரேல்லை எண்டு கேள். உண்மையைச் சொல்லட்டாம்."

லொறீனா நிலத்தைப் பார்த்தபடி இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னதைத் துவாரகா தமிழில் சொன்னாள்.

"அம்மா, செத்த ஆக்களுக்குக் கிட்டப் போகமாட்டினமாம், பேரும் சொல்லமாட்டினமாம். அதுதான் அவையின்ரை றெஸ்பெக்ட்."

"நல்ல சாட்டு! அப்ப இவருக்கு அங்கை என்ன வேலை?"

"ஊர்க்கூட்டத்திலை போய் இருப்பாராம். அவையின்ரை பழைய முறையிலை கை எண்ணுறேல்லையாம். தலைவர் எண்டாலும் கட்டளை போட ஏலாதாம், கதைச்சுத்தான் மனம் மாத்தலாம். ஒரு ஆள் மாட்டன் எண்டாலும் திரும்பக் கதைப்பினமாம். அப்பாக்கு அது சரியான விருப்பமாம்."

துர்க்காவுக்குச் சுருக்கென்றது. ரெக்ஸ்டேல் வீட்டை விற்று நகரின் மறுகோடியிலிருக்கிற ரூஜுக்குப் போக அவள் மறுத்த கோடையில், அவர் தேத்தண்ணியோடு வந்து முன்னால் குந்துவார். "இன்னும் மனமில்லையோ? சரி, நாளைக்குக் கதைப்பம்." கள்ள மனுசன் நைசாகக் கதைத்து மடக்கப் பார்க்கிறார் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அவள் ஓம் என்னும்வரை அவர் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை.

லொறீனாவை முழுக்க நம்பிவிட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனாலும், "குளிருக்கை நிக்காமல் எங்கடை காருக்குள்ளை இருக்கச் சொல்லு," என்றாள்.

அவள் உள்ளே திரும்பியபோது பெட்டியைத் தகன அறைக்குள் தள்ள ஆட்கள் பிடித்துவிட்டார்கள்.

"விடுங்கோ. என்ரை பிள்ளைதான் பட்டன் அமத்தோணும்."

"விசர்க்கதை கதையாதை துர்க்கா. எல்லாரும் கை தூக்கியாச்சு," என்றார் நவரட்ணம்.

"நான் தூக்கேல்லை, அத்தான். கதையுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் கதையுங்கோ. நான் இருக்கிறன்."

பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டாள்.

பெட்டியைப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். நவரட்ணம் மணிக்கூட்டைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு கதிரையை இழுத்துவந்து, அவளுக்கு முன்னால் போட்டு இருந்தார்.