எப்போதும் பன்னிரண்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் செத்த மீனை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் உயிருள்ளதை விட்டுவிட வேண்டும். பத்தேகாலுக்கு மகள் வந்துவிடுவாள். சரிசாமி நாற்காலியைக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையாக எண்ணினார். பதினொன்று. நீலக் கோடும் சிவப்பு வாலுமாகக் கண்மூடித் திறப்பதற்குள் இடம் மாறுகிற ஜீவன்களை எண்ணுவது என்ன லேசுப்பட்ட காரியமா? வேர்க்கட்டைக்குப் பின்னால் ஒன்று போனால் இரண்டாக வெளியே வரும். கடைசியில் பன்னிரண்டாவதைக் கண்டுபிடித்தார். பாசிக்கு அடியில் வெளிறிப்போய், தண்ணீரின் இழுப்புக்கு மெல்ல ஆடிக்கொண்டு கிடந்தது. சின்ன வலையால் அதை எடுத்து, காகிதத்தில் சுற்றி, சமையலறைக் குப்பைக்கூடையில் வெங்காயத் தோலுக்கு அடியில் தள்ளினார். கொலை செய்தவன்கூட இத்தனை பதறியிருக்க மாட்டான். முந்தின நாளே வாங்கிவந்து குளியலறை வாளியில் ஒளித்து வைத்திருந்த இரண்டில் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டார். அது திருதிருவென்று விழித்துவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அவர் பெயர் சரிசாமி இல்லை. அது கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. லிப்ட் பழுது பார்க்கிற நிறுவனத்தில் பத்தொன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்றால் சரி. பதினெட்டாவது மாடியில் கம்பிக்கயிறு மாற்ற ஆள் இல்லை என்றால் சரி. உன் விடுமுறையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்றாலும் சரி. மனுஷன் மனதுக்குள் ஆயிரம் வைத்துப் புழுங்குவார், வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான் வரும். அந்த வார்த்தையோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனைவி, "உங்களோட சண்டை போடக்கூட முடியலையே, நான் யாரோடதான் வாழறேன்?" என்று கேட்டுவிட்டு, போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு தனி வீடு பார்த்துப் போனாள். அதற்கும் இவர் சரி என்றார். சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்தவரே இவர்தான், கேளுங்கள்.

இப்போது அவளுக்கு வேலை மாற்றல் வந்திருந்தது. எட்டு மணி நேர ரயில் தூரம். மகளுக்குப் பதினைந்து வயது. அம்மாவோடு போவதா, அப்பா வீட்டில் இருந்துகொண்டு இங்கேயே பள்ளிக்கூடத்தை முடிப்பதா என்று அவளையே தீர்மானிக்கச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தொட்டியைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். "அப்பா, நான் இங்க இருக்கட்டுமா, போகட்டுமா?" அவர் என்ன சொன்னார்? "உனக்கு எது தோணுதோ அதையே செய் கண்ணு" என்றார். சொன்ன நிமிஷத்திலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிப்ட் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, 'போகாதே' என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். குழி நன்றாகத்தான் எதிரொலித்தது. மேலே இருந்த கூட்டாளி எட்டிப் பார்த்து, "என்ன, யாரைப் போகச் சொல்ற?" என்று கேட்டதுதான் மிச்சம்.

தொட்டி வந்த கதையும் இதுதான். சனிக்கிழமைகளில் வருகிற மகளோடு என்ன பேசுவது என்று தெரியாமல், கையாவது வேலை செய்யட்டுமே என்று மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியை வாங்கினார். மீன் வளர்ப்பது இரண்டாம்பட்சம். தண்ணீருக்கடியில் ஒரு நிலத்தைக் கட்டுவதுதான் வேலை. பின்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணை ஏற்றி முன்பக்கம் சரித்தார்கள். வேர்க்கட்டையை அண்டாவில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்க வைத்தார்கள். தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படியும் கட்டை மிதந்தது. தோட்டக் கற்கள் விற்கிற இடத்துக்கு இருவரும் போனார்கள். மலையாகக் குவிந்திருந்த கற்களுக்கு நடுவே மகள் ஒரு மணி நேரம் திரிந்து, சாம்பல் நிறத்தில் வெள்ளை வரிகள் ஓடுகிற ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதான்ப்பா. இது இருந்தா வேற எதுவும் வேணாம்" என்றாள். ஒரு வருஷமாகப் பார்க்காத முகம் அது. பேருந்தில் கல்லை மடியைவிட்டு இறக்கவில்லை. நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு இடப்பக்கம் தள்ளி நிறுத்தி, அதன் அடியில் வேரின் வாலைச் செருகியதும் கட்டை அடங்கிவிட்டது. கிளைகள் கல்லைத் தாண்டி வலப்பக்கம் விரிந்தன. எங்கேயோ பெருவெள்ளத்தில் அடித்துவந்து அங்கே சிக்கிக்கொண்ட மரம் போலவே இருந்தது. அதில் பாசியைக் கறுப்பு நூலால் அவள்தான் கட்டினாள்.

அவள் போன பிறகு, கல்லில் உடைந்து விழுந்த சில்லை எடுத்து அதன் வெள்ளை வரியின் மேல் சரிசாமி இரண்டு சொட்டு வினிகர் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதைக் கனக்க வைக்கிற, அதாவது கடினநீராக்குகிற கல். அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்திருந்த டெட்ரா மீனோ லேசான தண்ணீரில் வாழ்வது. மறுவாரம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது? அதற்குப் பதிலாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது லிட்டர் சுத்திகரித்த தண்ணீர்க் கேன் இரண்டைத் தோளில் தூக்கி மூன்று மாடி ஏறினார். ஊரெல்லாம் லிப்டை ஓட வைக்கிறவர் வீட்டில் லிப்ட் கிடையாது, அது ஒரு வேடிக்கை. பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு இதை ஊற்றுவார். அப்படியும் மீன்கள் செத்தன. செத்ததை எடுத்தார், புதிதை விட்டார். எல்லா மீனுக்கும் ஒரே முகம், நல்லவேளை.

மகள் வந்தாள். பையை நாற்காலியில் எறிந்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போய், உதடு அசைய எண்ணினாள். "பன்னெண்டு. ஒன்னுகூடச் சாகலைன்னு சொன்னா என் கிளாஸ்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றாள். சரிசாமி தோளைத் தேய்த்துக்கொண்டார். செடிகள் கிளைத்துவிட்டதாகவும், வளைந்த கத்தரிக்கோல் ஒன்று வாங்கி ஒழுங்காக வெட்டிவிட வேண்டுமென்றும், வளர்ப்பு மீன்கடைக்கு இப்போதே போகலாமென்றும் அவள் சொன்னாள். மீன்கடையா? வீட்டுக் கத்தரிக்கோல் போதுமே, வெயிலாக இருக்கிறதே, நான் மட்டும் போய் வாங்கி வருகிறேனே என்று ஏழெட்டு சாக்குகள் அவர் தொண்டைவரை வந்தன.

"சரி" என்றார்.

மீன்கடைக்கார அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு ஒரு தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தார். நாள் முழுக்க மீன்களோடு பேசிப் பழகியவர். மனுஷர்களின் ஜாடைமாடையெல்லாம் அவருக்குப் பிடிபடாது.

"வாங்க சார். நேத்து குடுத்த ரெண்டும் போயிடுச்சா?"

சரிசாமி அவசரமாக மகளுக்குப் பின்னால் நகர்ந்தார். கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், இருமினார்.

"எது போச்சு?" என்றாள் மகள்.

"டெட்ராதான்ம்மா. ஒன்றரை மாசத்துல ஒன்பது வாங்கிட்டுப் போயிட்டார். அந்தச் சுண்ணாம்புக் கல்ல எடுங்க எடுங்கன்னு நானும் தலபாடா அடிச்சுக்கிறேன். மாட்டேங்கிறார்."

"நான் எடுத்த கல்லா?" மகள் அப்பாவைப் பார்க்காமல் கடைக்கார அம்மாவையே கேட்டாள். "அதுவா கொல்லுது?"

"கல்லு என்னம்மா பண்ணும் பாவம். தண்ணி கனத்தாலும் ஒரே சீரா கனத்தா மீன் பழகிக்கும். இவர் கல்லையும் உள்ள வெச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம கேன் தண்ணிய மாத்தி மாத்தி ஊத்துறாரே, அதான். இன்னைக்குக் கனம், நாளைக்கு லேசு, மறுநாள் கனம். எந்த உடம்பு தாங்கும் சொல்லு? கல்லு கொல்லல, இவர் ஊத்துற தண்ணிதான் கொல்லுது."

சரிசாமி அசடு வழிய நின்றார். தோள் வலிக்க வலிக்கச் சுமந்த தண்ணீர். இதை அந்த அம்மா அவரிடமும் போன வாரமே சொல்லியிருந்தார், காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது. கத்தரிக்கோலை வாங்காமலேயே மகள் வெளியே நடந்தாள்.

தெருவில் அவள் பத்தடி முன்னால் போனாள். அவர் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். முடிதிருத்தகத்தைத் தாண்டி, சலவைக்கடையைத் தாண்டி, சிக்னலில்தான் பிடிக்க முடிந்தது.

"நான் விட்டதுல எத்தனை உயிரோட இருக்கு?"

"நாலுக்குக் குறையாது."

"எது எதுன்னு தெரியுமா?"

"தெரியாது கண்ணு."

பச்சை விளக்கு விழுந்ததும் அவள் கடந்துபோனாள். மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினாள். அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தொட்டியின் மூடி தரையில் கிடந்தது. சட்டைக் கையை மடக்கிவிட்டிருந்தாள்.

"இரு, நான் எடுக்கறேன், கனமா இருக்கும்" என்றார்.

"நான் வெச்சது. நானே எடுக்கறேன்."

இரண்டு கைகளாலும் கல்லைப் பிடித்துப் பெயர்த்தாள். வேரின் வால் விடுபட்டதுதான் தாமதம், ஒன்றரை மாதம் ஊறியும் கனம் ஏறாத கட்டை சடாரென்று மேலே எழுந்தது. கூடவே மண்சரிவு மொத்தமும் முன்பக்கம் வழிந்தது. நட்டுவைத்த செடிகள் வேரோடு மிதந்தன. தண்ணீர் கலங்கி, மீன்கள் இருந்த இடமே தெரியவில்லை. கல்லைத் தரைவிரிப்பின் மேல் போட்டுவிட்டு, கட்டையின் கிளைகள் தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கில் முட்டாமல் அவள் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற கல்லு எடுத்திருப்பேன். அங்க கல்லுக்கா பஞ்சம்?"

"நீ ஆசையா எடுத்தியேன்னு..."

"அன்னைக்கு நான் இருக்கட்டுமா போகட்டுமான்னு கேட்டேன். என் இஷ்டம்னீங்க. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட, அப்பாவுக்கு நான் வேணாம் போலருக்குன்னு சொன்னேன். அம்மா இல்லவே இல்லைன்னாங்க. நான்தான் நம்பல." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "இப்ப இந்த மீனையும் பார்த்தாச்சு. நீங்க சொல்றதுல எது நெஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

சரிசாமி தரையில் கிடந்த மூடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார்.

"பால்கனில வேற கல்லு இருக்கும், எடுத்துட்டு வாங்க. கைய எடுத்தா இது மேல வந்துடும்."

கால் தன்பாட்டுக்கு பால்கனிப் பக்கம் ஓரடி வைத்துவிட்டது. ஏவினால் உடனே ஓடுகிற கால். அங்கே நாலு கல் இருந்தன. எடுத்து வந்து, கழுவி, அமுக்கி, மண்ணை வாரி, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடலாம். ஆறு மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் நின்றார். திரும்பி வந்தார். லிப்ட் குழியில் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை.

"நீ போறது எனக்குப் பிடிக்கல" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "போகாத. நீ என்கூட இருக்கணும். உன் இஷ்டம்னு நான் சொன்னது பொய்."

அவள் தலையைத் திருப்பவில்லை. கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் வடிகட்டி காற்றை உறிஞ்சி ஒரு மாதிரி இரைந்தது. முழங்கைவரை சேறு.

"வர்றேன்னு அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்ப்பா. அங்க ஸ்கூலுக்குக்கூட அம்மா எழுதிப் போட்டாச்சு."

இத்தனை வருஷமாக இந்த மாதிரி இடத்தில் வருகிற வார்த்தை, பழக்கதோஷத்தில், உதடுவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். சட்டைக் கையை மடக்காமலேயே அவரும் தொட்டிக்குள் கையை விட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் கட்டையைப் பிடித்து அமுக்கினார்.

"மாத்திச் சொல்லு" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை. செம்மண் நிறத் தண்ணீருக்குள் எது யார் விரல் என்று தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு மீன் நீலக் கோடாகக் கண்ணாடியோரம் வந்துவிட்டு மறுபடியும் கலங்கலுக்குள் போனது. நாலு கைகளுக்கும் அடியிலிருந்து கட்டை மேலே உந்திக்கொண்டே இருந்தது.