முடித்த பிறகு எழுதியவை

கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து நாய்களுக்கும் பூனைகளுக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஒரு நிமிடம் பிசகாது என்பதால் அங்கே அவளுக்கு மணிக்கூண்டு என்றே பெயர். வீட்டில் அந்தப் பெயர் எடுபடவில்லை. போன் காலண்டரில் குறித்துவைக்கும் வீட்டு வேலைகளெல்லாம் கெடு தாண்டிச் சிவந்து நிற்கும். நாள் முழுக்க ஓடியும் எதையும் செய்து கிழிக்கவில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

ஒரு நாள் அலுத்துப்போய், இனிச் செய்யப்போவதை எழுதுவதில்லை, செய்து முடித்ததை மட்டும் எழுதுவது என்று முடிவுகட்டினாள். ஏழு மணி: சொட்டும் குளியலறைக் குழாய்க்கு மறுபடி துணி சுற்றியாயிற்று. ஏழே கால்: அத்தையின் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தாயிற்று, தலைமேல் இருந்தது. எட்டு பத்து: இவர்மேல் கோபப்பட்டாயிற்று. எட்டேகால்: ஆறியாயிற்று. பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிறைவதைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை வீடு திரும்பியபோது குழாய் சொட்டவில்லை. பஸ் ஓட்டும் கணவர் வீட்டில் ஸ்பேனரைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. "வாஷர் மாத்தினேன்" என்றார், என்னவோ தினமும் மாற்றுகிறவர்போல. மறுநாள் மாமியார் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். காய்ந்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. என்ன வந்தது இவர்களுக்கு என்று அவளுக்குப் புரியவேயில்லை.

சனிக்கிழமை காலை சாப்பிடும்போது மாமியார் வாய்விட்டுக் கேட்டார். "ஏம்மா, நேத்து ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நீ ஒண்ணுமே எழுதலையே. உடம்புக்கு முடியலையா?"

"எங்க எழுதலை, அத்தை?"

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் ஷிப்ட் போடுறதுக்கு ஒரு குடும்பக் காலண்டர் வெச்சோமே, நீ அதுலதான் எழுதுறே. முதல் நாள்லேர்ந்து எங்க ரெண்டு பேர் போனுக்கும் வருது."

அவளுக்கு முகம் சுட்டது. "கோவப்பட்டதுமா?"

"டிப்போல உக்காந்து அதைத்தான் முதல்ல பார்த்தேன். நல்லவேளை, அடுத்த வரியில ஆறிடுச்சுன்னு இருந்துச்சு. அப்புறம்தான் டிபனே இறங்குச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நிறுத்திடுவியே" என்றார் மாமியார். "சீரியலை விட நல்லா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு முந்தைய நாளைப் பற்றிச் சொன்னாள். ஒரு நாய்க்கு ஆபரேஷன். அதை வளர்க்கிறவர் தனி ஆள், கூட யாரும் வரவில்லை. நாய் கண் விழிக்கும்வரை இரண்டு மணி நேரம் அவர் பக்கத்திலேயே இருந்தாள். "அது என்ன வேலைன்னு எழுதுறது? அதான் விட்டுட்டேன்."

"அதையும் எழுது" என்றார் கணவர்.

எழுதினாள். இரண்டு முதல் நான்கு: கூட உட்கார்ந்திருந்தாயிற்று. நாய் பிழைத்தது. எழுதிவிட்டு, தனிக் காலண்டருக்கு மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

மாமியார் தன் போனை நீட்டினார். "எனக்கும் எழுதக் கத்துக்குடு. பச்சை வேணாம், கருநீலம் போடு."

அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு கருநீலக் கட்டங்கள் வந்துவிட்டன. அவற்றில் பெரியது, ஒரு மணி முதல் மூன்று மணிவரை தூங்கியது.