மூன்றாவது பல்

சவப்பெட்டிக்குள் மகன் நைநோவாவின் வலது கைக்கருகே அந்த ஆயுதத்தை வைக்கப் போன கமுவேலாவின் மணிக்கட்டை அவன் மனைவி லஹேலா பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வெக்காத."

"அவன் செஞ்சது. அவனோடயே போகட்டும்."

"முதமுதல்ல செஞ்சத வெளியாளுக்குக் குடுத்தாகணும், இல்லேன்னா செஞ்ச கை கட்டுண்டு போகும்னு உனக்குத் தெரியாதா? மண்ணுக்குள்ள போட்டா குடுத்ததாயிடுமா? அவன் கையக் கட்டியே அனுப்பப் போறியா?"

துடுப்பைப் போல் அகன்ற மரத்துண்டு, தீவில் வளரும் கோவா என்ற மரம். விளிம்பைச் சுற்றிச் சுறாவின் பற்கள், நாரால் கட்டியவை. கமுவேலா இந்த ஆயுதத்தை எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறான். நைநோவா செய்த முதலாவதை மட்டும் சுவரில் மாட்டிக்கொண்டான். அதை நண்பன் மஹோவேக்குக் கொடுக்கப் போவதாக மகன் சொன்னபோது, "அழகா வந்திருக்குடா, அடுத்தத அவனுக்குக் குடு" என்றான். அடுத்தது இல்லாமலே போயிற்று.

மஹோவேயும் நைநோவாவும் ஒரே படகில் துடுப்புப் போடுகிறவர்கள். தீவுகளுக்கு நடுவே அலை படகைக் கவிழ்த்தபோது மஹோவே நைநோவாவின் கையைப் பிடித்திருந்தான். பிறகு பிடி நழுவியது. அவ்வளவுதான். அதன்பின் கமுவேலா மஹோவேயின் முகத்தைப் பார்க்கவில்லை.

கார் கொட்டகையில் லஹேலாவின் அண்ணன் காலே கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். "நைநோவா பய இருந்தா இந்நேரம் பாதிச் சட்டி காலி" என்றான். யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மஹோவே வேலிக்கு வெளியே நின்றான். கொண்டுவந்த இலைமாலை கையிலேயே வாடியிருந்தது.

"உள்ள வாடான்னா வர மாட்டேங்கறான்" என்றான் காலே. "காலைலேருந்து இதே கதை."

கமுவேலா நேரே வேலிக்குப் போய் மஹோவேயிடம் ஆயுதத்தை நீட்டினான்.

"வேணாம் அங்கிள்."

"உனக்குன்னு சொன்னான். நாந்தான் குடுக்க விடல."

மஹோவே இரண்டு கைகளாலும் வாங்கினான். ஒரு பல் ஆடியது. எத்தனை முறை சொல்லியும் நைநோவா சரியாக இறுக்காமல் விட்ட மூன்றாவது பல்.

"இப்படியே கொண்டுபோனா விழுந்துடும். உக்காரு."

வேலியோரம் உட்கார்ந்தார்கள். கமுவேலா கட்டை அவிழ்த்து, நாரை எச்சிலில் நனைத்து, ஒரு முனையை நீட்டினான். வழக்கமாக நைநோவா பிடிக்கும் முனை. மஹோவே அதை விரலில் சுற்றிக்கொண்டான்.

"இறுக்கிப் பிடி" என்றான் கமுவேலா. விடாதே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

இழுக்க இழுக்க மஹோவேயின் விரல் வெளுத்தது. கமுவேலா முடிச்சுப் போட்டு, மிச்ச நாரை அறுத்த பிறகும் மஹோவே நாரைப் பிடித்த கையைத் திறக்கவில்லை.