மதிலுக்கு மேல் தெரிந்த தோள்கள்

அவருடைய வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு அலசி, முற்றத்துக் கொடியில் உயர்த்திப் போட்டேன். தெருவிலிருந்து பார்த்தால் மதிலுக்கு மேல் அதன் தோள்கள் மட்டும் தெரியும். யாரோ ஓர் ஆண்பிள்ளை முற்றத்தில் முதுகு காட்டி நிற்பதுபோல இருக்கும். அதற்காகத்தான் போட்டேன்.

அவர் மவுத்தாகி ஒரு மாதம் ஆகவில்லை. பாலக்கரை வீட்டில் நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்கிற இருப்பு அது. நாத்தனார் சாரா பீவி காலையில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு உறையூருக்கு ஓடிவிடுவார். அவர் மகளுக்குப் பேறுகாலம். அதன்பிறகு வீட்டில் நான் மட்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. தம்பியோ மச்சானோ வந்து தங்கியிருப்பதாக வெளியார் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் சட்டை.

அறுபத்தைந்து செப்டம்பர். பாகிஸ்தானோடு சண்டை. எதிர் டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். பேச்சு மதில் தாண்டி வந்தது.

"கதவே தொறக்கறதில்ல. சட்டை மட்டும் காயுது."

"செத்தவனுக்கு வேர்க்குதோ என்னமோ!"

"சிரிக்காதீங்கய்யா. எவனயோ உள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்க. இருக்கற நெலமையில இது சிரிக்கிற விஷயமா?"

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை தொழுது பாயைச் சுருட்டும்போது கதவு அதிர்ந்தது.

"யாரும்மா உள்ள? போலீஸ். தொறங்க."

தாழ்ப்பாளைப் பிடித்தேன். திறந்தால் இத்தனை ஆண்கள் முன்னால் நிற்க வேண்டும், திறக்காவிட்டால் உடைப்பார்கள். அதற்குள் எதிர்வீட்டு வள்ளிக்கண்ணு ஓடிவரும் கொலுசுச் சத்தம் கேட்டது.

"ஏட்டய்யா, உடைச்சிராதீங்க! அது அவங்க சாமி குத்தம். புருஷன் செத்தவ வேத்து ஆம்பள முகத்தப் பாத்தா கண்ணு அவிஞ்சிரும். தீட்டு வேற, உங்களுக்கும் ஆகாது."

யாரோ சிரித்தார்கள். ஏட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தது பூட்ஸ் சத்தத்தில் தெரிந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருப்பார்களோ என்னவோ. வள்ளிக்கண்ணு நல்லவள், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் நான் தீட்டுக்கு ஒதுங்கியவள் இல்லை. என்னோடு வாழ்ந்த மனிதருக்கு நான் செய்கிற மரியாதை அது. அது தெருவில் சிரிப்பாய்க் கிடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்: "கண்ணெல்லாம் அவியாதுங்க. தீட்டும் இல்ல. என் வீட்டுக்காரருக்காக உக்காந்திருக்கேன். பேசக்கூடாதுன்னு இல்ல. கேளுங்க, சொல்றேன்."

பூட்ஸ் சத்தம் மறுபடி கதவருகே வந்தது.

"அப்ப அந்தச் சட்டை யாரோடதும்மா?"

"அவரோடதுதான்."

"எதுக்குத் தொவைக்கிறீங்க?"

"தனியா இருக்கேங்க. ஆம்பள இருக்கற மாதிரி இருக்கட்டும்னு..."

ஏட்டின் குரல் தணிந்தது. "ஏம்மா, நீங்க போய் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க" என்று வள்ளிக்கண்ணுவை அனுப்பினார். அவள் மட்டும் நுழையும்படி கதவைத் திறந்து மூடினேன். அடுப்படி, அறை, பரண் எல்லாம் பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "மன்னிச்சிருங்கக்கா, எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாசலுக்குப் போய், என்மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"ஒருத்தருமில்லய்யா! ஒத்தப் பொம்பள. துணைக்கு ஒரு ஈ காக்கா கெடையாது!"

கூட்டம் கலைந்தது. பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. டீக்கடைப் பக்கம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல் மெதுவாகக் கேட்டது:

"ஒத்தையிலயா இருக்காங்க?"

தாழ்ப்பாளைப் போட்டேன். மாவரைக்கும் ஆட்டுக்கல்லை உருட்ட முடியாமல் அரிசி டின்னைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். முற்றத்தில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சட்டையை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் கொடிக்குக் கீழே நின்றேன். இன்னும் ஈரம். மதிலுக்கு அப்பால் ஒரு செருப்புச் சத்தம் நிதானமாக நடந்துவந்து, சட்டைக்கு நேரே நின்றது.

காற்றில் சட்டையின் வெறுங்கை ஒன்று மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.