தலைக்கு ஊற்றாத நாட்கள்

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நோயாளிகூட நோயாளி மாதிரி உட்காருவதில்லை, ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு அதற்குள் சிரித்துக்கொண்டு… இந்தப் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் இத்தனை பேர் இருக்கிறார்களே, ஒருத்தனாவது முனகுகிறானா, இருமுகிறானா, பின்னே எதற்கு வந்தான், ஏர்கோன் காற்று வாங்கவா, என்று நினைத்தபடியே பக்கிரிசாமி மகள் மலரின் தலையைத் தன் தோளில் சரித்துக்கொண்டார். சரித்த கையோடு விரல்கள் தாமாக அவள் காதுக்குப் பின்னால் போயின. இருக்கிறது. அங்கேயேதான் இருக்கிறது. புளியங்கொட்டை மாதிரி ஒன்று, கழுத்தோரம் சின்னதாய் இன்னொன்று, அமுக்கினால் வழுக்கி ஓடுகிறது, விட்டால் திரும்பி வந்து நிற்கிறது… கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறும்போது தொட்டுப் பார்த்தார், சுபாங் தாண்டும்போது பார்த்தார், நடுவில் எங்கேயாவது கரைந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. "விடுங்கப்பா, வலிக்குது" என்றாள் மலர், கண்ணைத் திறக்காமலே.

பேத்தியா அங்கிள், என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண். மக, என்றார். பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் சிரிப்பதுபோல அவளும் சிரித்தாள். சிரிக்கட்டும். லெட்சுமிக்கு நாற்பது தாண்டி, இனி எங்கே என்று கைவிட்ட பிறகு வந்து பிறந்தது இது, கேட்காமல் வந்தது… கேட்காமலே போய்விடுமோ? அந்த நினைப்பு வந்ததும் சுவரோரத் தொட்டியில் மீன்களைப் பார்த்தார். செம்மஞ்சளாய் ஒன்று கண்ணாடிவரை வந்து வாயைத் திறந்து மூடியது, ஏதோ சொல்கிற மாதிரி, சொல்லி முடிப்பதற்குள் திரும்பிப் போயிற்று. தொட்டிக்குள் தண்ணீர் குமிழியிடும் சத்தம் கண்ணை இழுத்தது, உட்கார்ந்திருக்கும் நாற்காலி இன்னும் ரயில்போல ஆடியது, வெளியே செம்பனை மரங்கள் ஓடின, அவரே ஓட்டிய பழைய லோரி பக்கத்தில் ஆளில்லாமல் வந்துகொண்டிருந்தது, அதன் மேல் மலர் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள், இறங்கு இறங்கு என்று கத்துகிறார், குரல் குமிழியாய்ப் போகிறது…

விழித்துக்கொண்டார். மறுபடி விரல் காதுக்குப் பின்னால்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுத் தங்கமணிதான். "இது பொன்னுக்கு வீங்கிலா மாமா, வேற என்ன? தங்கத்தப் போடுங்க, அதுவா எறங்கிடும்." லெட்சுமி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டாள், பள்ளிக்கூடத்தில் நகை கூடாதென்பதால் சட்டைக் காலருக்குள் மறைத்து விட்டாள். வீக்கம் இறங்கும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அதுவும் முறைப்படி நடந்தது. இறங்கவில்லை. இறங்காததால் ஊற்றவுமில்லை. பள்ளி விடுமுறை வந்தது, போனது, தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குக்கூடப் பிள்ளைக்கு ஈரத்துணியில் துடைப்புத்தான். பிறகு தங்கமணியின் மகன் கிஷன் போனைத் தட்டிப் படித்துக் காட்டினான், "அங்கிள், இதுல கேன்சர்னும் போட்டிருக்கு" என்று, ஏதோ பந்து விளையாட்டில் யார் கோல் போட்டது என்று சொல்வதுபோல. கிள்ளானில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்தார், கணினியைப் பார்த்தே பேசினார், ரத்தம் நல்லாத்தான் இருக்கு, போங்க என்றார். கணினிக்கா உடம்பு சரியில்லை? பிள்ளையைத் தொட்டானா அவன்? மறைக்கிறான். எல்லாரும் மறைக்கிறார்கள். லெட்சுமி தொழிற்சாலையில் இரவு வேலை, காலையில் வந்து படுத்தால் எழுப்ப மனசு வராது, அவரேதான் புரை விழுந்து மங்கிய கண்ணோடு பிள்ளைக்குத் தலைசீவி, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி… கட்டும்போதெல்லாம் தொட்டுப் பார்த்தார். வேறென்ன செய்வது, தெரிந்தது அதுதான்.

மலர் பேரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஜனகா சின்ன வயசு, இதுவா டாக்டர் என்று அவருக்கு உடனே சந்தேகம். ஆனால் அந்தப் பெண் கணினியைத் திருப்பி வைத்துவிட்டு மலரைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள், கழுத்து, கக்கம், வயிறு என்று அமுக்கிப் பார்த்தாள். "பொன்னுக்கு வீங்கின்னு சொன்னாங்க" என்றார் இவர், எச்சரிக்கை மாதிரி. "அது இங்க வீங்கும் அங்கிள், தாடைக்கிட்ட. இது பின்னாடியில்ல இருக்கு" என்றபடி ரிப்பனை அவிழ்த்தாள், முடியை வகிர்ந்தாள், குனிந்தாள், அப்படியே நின்றாள். என்ன பார்த்துவிட்டாள்? சொல்லு. சொல்லித் தொலை…

"கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்க?"

"வீக்கம் எறங்கட்டும்னு…"

"எறங்கற வரைக்குமா?"

"அப்பா பவுடர் போட்டுச் சீவி விடுவாரு டாக்டர்" என்றாள் மலர், பெருமையாக.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. பேன் அங்கிள், தலை பூரா பேன், சொறிஞ்சி சொறிஞ்சி புண்ணாயிருக்கு, அந்தப் புண்ணுக்குத்தான் நெறி கட்டியிருக்கு… நெறியா? காலில் ஆணி குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும், அது அவருக்குத் தெரியாதா, லோரியில் எத்தனை முறை குத்தியிருக்கிறது, எத்தனை முறை கட்டியிருக்கிறது. ஆனால் தலைக்குமா? தலையில் ஊர்கிற ஒரு பூச்சியா இத்தனை மாதம் அவரைத் தூங்கவிடாமல் செய்தது?

"அப்ப வெட்டிப் பாக்க வேணாமா?"

"இப்ப வேணாம். காய்ச்சல் இல்ல, எளைக்கல, கிள்ளான்ல எடுத்த ரத்தமும் நல்லாருக்கு. மருந்து தரேன், தலைக்கு ஊத்துங்க, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. எறங்கலேன்னா ஸ்கேன் எடுப்போம். இன்னொன்னு, சும்மா சும்மா அமுக்கிப் பாக்காதீங்க, அமுக்கிக்கிட்டே இருந்தா எப்படி எறங்கும்? பயப்படாதீங்க, ஒன்னுமில்ல."

ஒன்னுமில்ல. அறை கொஞ்சம் தள்ளிப் போனது. அவர் சிறுவனாயிருந்தபோது எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாய் இருந்த டிரெஸ்ஸர் இதே வார்த்தையைத்தான் சொன்னார், வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, தங்கை மாரியாயியை நிமிர்ந்துகூடப் பாராமல், ஒன்னுமில்ல கூட்டிட்டுப் போ என்று. அம்மா நம்பினாள். நம்பி, சந்தோஷப்பட்டு, வரும் வழியில் அவளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள், சிவப்புச் சாயம் மாரியாயியின் முழங்கைவரை வழிந்தது, அந்தச் சிவப்பு இப்போதும் டாக்டரின் மேசைமேல் வழிகிற மாதிரி… அடுத்த மழைக்கு மாரியாயி இல்லை. ஒன்னு இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். ஒன்னுமில்ல என்றதால்தான் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள்? மருந்து வெளியில தருவாங்க."

தெருவில் மழை விட்டிருந்தது, ஈரத்தில் கார் விளக்குகள் நீளமாய்க் கிடந்தன. மலர் ஒரு கையால் தலையைச் சொறிந்துகொண்டு, மறு கையில் மருந்துப் பையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். சட்டென்று திரும்பி, பள்ளிக்கு நாளை லீவா என்று கேட்கிற குரலில், "அப்ப நான் செத்துப்போக மாட்டேன்லப்பா?" என்றாள்.

"செத்துப்போவேன்னு யாருடி சொன்னா?"

"நீங்கதான். தெனம் தொட்டுப் பாத்தீங்க, ஒன்னுமே சொல்லல."

இத்தனை நாளும் பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருந்ததாக அல்லவா நினைத்தார்… "போவ மாட்ட, நட" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள், அதோடு முடிந்தது அவளுக்கு, குட்டையைத் தாண்டி ஓடினாள். எப்படி முடிகிறது? ஒரு சின்னப் பெண் டாக்டர் சொன்னாள், இவள் நம்பிவிட்டாள். பேனாம். பேனுக்கா இத்தனை? கிள்ளானில் சொன்னதை நம்பவில்லை, இந்த டாக்டர் பெண் சொன்னதும் உள்ளே இறங்கவில்லை, அடுத்த மாதம் வேறு இடம் பார்க்க வேண்டும், காஜாங்கில் ஒருத்தர் இருக்கிறார் என்கிறார்கள்… சரி, அந்த டாக்டரே வேறு மாதிரி சொல்லியிருந்தால்? இது பெரிய வியாதி அங்கிள், என்று சொல்லியிருந்தால்? நம்பியிருப்பார். மறு கேள்வி கேட்காமல், அந்த நாற்காலியிலேயே நம்பியிருப்பார். ஏன் அப்படி என்று தெரியவில்லை. பக்கிரிசாமி ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தார், பேனாம், என்று ஒருதரம் சத்தமாகவே சொல்லிக்கொண்டு.