சபாரத்தினம் அங்கிளின் குறிப்புகள்

சபாரத்தினம் அங்கிளுக்குக் கலியாணம் பேசுவதுதான் தொழில். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைக்கு மேலே ஒரு அறை, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல், அறுநூறு சாதகங்கள். அவரிடம் பதிந்த குடும்பங்கள் எல்லாம் படமும் விவரமும் பார்க்க ஒரு ஆப் உண்டு. அதை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்வது நான். சம்பளம் கிடையாது. "தாரகா பிள்ளை, உமக்கு ஒரு நல்ல இடம் பாத்துத் தாறது என்ர பொறுப்பு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்போது எனக்கு முப்பத்திரண்டு. இப்போது முப்பத்தாறு. கலியாணமே வேண்டாமென்று வீறாப்புப் பேசுகிற ஆள் நானில்லை. எனக்கு வேண்டும். அதைச் சொல்ல என்ன வெட்கம்?

ஆப் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதன் அடியிலிருந்த டேட்டாபேஸைத் தந்த கொம்பனி இந்த வருடத்தோடு மூடுகிறது. எல்லாவற்றையும் வேறொன்றுக்கு மாற்றவேண்டும் என்றேன். "செய்யும் பிள்ளை" என்று தன் பாஸ்வேர்டையும் தூக்கித் தந்தார். மாற்றுவதென்றால் ஒவ்வொருவரின் விவரக் கட்டங்களையும் திறந்துதான் அள்ளவேண்டும் என்பது அந்த மனிசனுக்குத் தெரியாது.

அங்கேதான் 'குறிப்பு' என்றொரு கட்டம். அவருடைய போனில் மட்டும் தெரியும்படி முன்பு யாரோ செய்து கொடுத்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் மனதில் கிடந்ததை அப்படியே கொட்டியிருந்தார். 'வயசில அஞ்சு குறைச்சுப் போட்டிருக்கு.' 'பெடியன் பிரான்சில ஒருத்தியை விட்டிட்டு வந்தவன்.' சிரித்துச் சிரித்து வாசித்தேன், என் பெயர் வரும்வரை.

'ஹவுன்ஸ்லோ றொஜன் மூண்டு தரம் கேட்டவன். நல்ல பெடியன், பொருத்தமும் இருக்கு. இவளுக்கு வேற இடத்தில கலியாணம் முற்றாகிட்டுது எண்டு சொல்லியாச்சு. இவள் போனால் கொம்பியூட்டர் ஆர் பாக்கிறது?'

நாசமாய்ப் போவான்! பட்டியலில் றொஜனின் நம்பரைத் தேடிப் போன் அடித்தேன்.

"தாரகாவோ? நீங்கள் கலியாணம் முடிச்சு கனடா போயிட்டியள் எண்டெல்லோ அங்கிள் சொன்னவர்" என்றார். பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. "எங்கட மகன்" என்றார்.

சந்தோசம் என்று சொல்லி வைத்தேன். எழும்பிப் போய் அங்கிளின் முன்னால் லாப்டொப்பைத் திருப்பினேன். வாசித்தார். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"அதுக்கு இப்ப என்ன செய்யிறது? அவன் கலியாணம் முடிச்சிட்டான். நீர் வேலையைச் செய்து முடியும், வேற ஒண்டு பாப்பம்."

"ஓம் அங்கிள். முடிக்கிறன்."

முடித்தேன். புதிய டேட்டாபேஸில் அந்தக் குறிப்பை ஒவ்வொருவரின் படத்துக்கும் கீழே, எல்லாருக்கும் தெரியும் இடத்தில் பொருத்தினேன். மற்றப் பெண்கள் பாவம் என்று தோன்றியது. தோன்றட்டும். எனக்கு யார் பாவம் பார்த்தது?

மறுநாள் காலை முதலில் போன் அடித்தது வடலண்டன் எட்மண்டனில் இருக்கும் தவமலர் அக்கா. அவர் மகளுக்கு வலிப்பு வருவதை அங்கிள் எழுதி, 'வாய் திறக்கக்கூடாது' என்றும் சேர்த்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்குக் கலியாணம்.

"தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டார் வாசிச்சிட்டினம். வேண்டாமாம். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். அதை அழிச்சுவிடம்மா, உன்னைக் கும்பிடுறன்!"

"நான் ஒண்டும் எழுதேல்லை அக்கா" என்றேன். "பழையதில இருந்தது அப்பிடியே வந்திருக்கு. ஒண்டும் பிழையாப் போகேல்லை."

அழிக்க ஒரு நிமிடம் போதும். அவர் அழ அழ, போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சீப்பை எடுத்துத் தலை இழுக்கப் போனேன்.